கறுப்பாகத் திரும்பி வராத நோய்: தோல் கிளினிக்கை நிறுத்தியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டத்தின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும், தோட்ட வைத்திய சேவையை நடத்துகிறவர்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தீர்கள். டவுன் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நடந்த தோல் கிளினிக் இனி இல்லை. தேவையானவர்கள் கண்டிக்குப் போகலாம். சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறியவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை, ஏதாவது இருந்தால் அவர்களே டிஸ்பென்சரியில் காட்டிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். சிங்களத்தில் மட்டும் இருந்தது. எனக்கு வாசிக்க வரும். கொழுந்து நிறுத்துவிட்டு அந்தக் கதவைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு வராது. 1987 இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதற்கு இன்னொரு நாள் தனியாகச் சண்டை பிடிப்பேன். இன்றைக்கு அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும்.

அந்த வரியை எழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காதால் 2022 ஆவணியிலேயே கேட்டுவிட்டேன். ஒரு மேசைக்கு முன்னால் அம்மாவும் நானும் நின்றோம். அம்மாவின் குதிகாலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை வெட்டி எடுத்த காயம் நன்றாக ஆறிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. திரும்பும் வழியில் அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். 2024 பங்குனியில் அம்மாவை அடக்கம் செய்தோம்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அம்மா 34 வருடம் கொழுந்து எடுத்தவர். 2020 தைப்பொங்கலுக்கு முதல் நாள் பீலிக்கரைக் கல்லில் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், "இந்தக் கறை மட்டும் போகவே மாட்டேங்குது புள்ள" என்றார். வலது குதிகாலின் உள்பக்கம், ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் சிறியது. வெறும் சாயத்தண்ணி ஊறிக் காய்ந்த மாதிரி மண்ணிறம். ஒரு ஓரத்தில் மட்டும் மை கொட்டிய மாதிரிக் கறுப்பு. தொட்டால் தட்டையாகத்தான் இருந்தது. தேயிலைக் கறை என்று இரண்டு பேருமே நினைத்தோம். கொழுந்து எடுக்கிறவர்களின் விரலில் அந்தக் கறை எப்போதும் இருக்கும். காலுக்கு எப்படி வந்தது என்று பட்டம் எடுத்த நான் கேட்கவில்லை.

மாசியில் டிஸ்பென்சரிக்குப் போனோம். ஐயா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். பங்கசு என்று ஒரு களிம்பு. அடுத்து ஊரடங்கு வந்தது. பிறகு முள் குத்திய இடம் என்று ஒரு களிம்பு. பிறகு கால் ஆணி என்று பிளேடால் சீவினார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை சீவினார். 14 மாதம் இப்படிப் போனது. அவரை நான் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. ஒரு டிஸ்பென்சரியில் தனியாளாக, பிரசவம் தொட்டுப் பாம்புக்கடி வரை பார்க்கிற மனிதர் அவர். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தோல் புற்றுநோய்ப் போஸ்டர் இருந்தது: ஒரு வெள்ளைக்காரரின் முதுகு, அதில் ஒரு மச்சம், வெயிலில் அலையாதீர்கள், தொப்பி போடுங்கள் என்று அறிவுரை. நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

மெலனோமா என்பது தோலில் நிறத்தைச் செய்யும் உயிர்க்கலங்களில் வரும் புற்றுநோய். வெள்ளைத்தோல்காரர்களுக்கு அது பெரும்பாலும் வெயில் பட்ட இடத்தில் வருகிறது. எங்களைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் கிழக்காசியருக்கும் அது வந்தால் அதிகமாக வருவது உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில். வெயிலுக்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. எங்கள் டவுன் த்ரீவீலர்களின் முதுகில் ஒட்டியிருக்கிற பொப் மார்லியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதருக்கு 1977 இல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். உதைபந்தாட்டத்தில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1981 மே மாதம் 36 வயதில் செத்துப்போனார். ஜமெய்க்காவின் அந்தக் காலும் எங்கள் லயத்துக் காலும் இந்த விஷயத்தில் ஒன்று.

இவ்வளவையும் நான் பிறகுதான் படித்தேன். எங்களுக்கு முதலில் சொன்னது, நீங்கள் நிறுத்தியிருக்கும் அந்தக் கிளினிக். 2021 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அங்கே வந்திருந்த இளம் டொக்டர் ஒருவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் குந்தி, அம்மாவின் சேறு காயாத காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துப் பார்த்தார். அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார், அவர் விடவில்லை. கையில் லைட் வைத்த ஒரு சின்ன பூதக்கண்ணாடி. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளங்கால் தோலில் ரேகை ரேகையாக வரம்பும் பள்ளமும் ஓடுகிறது அல்லவா, சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரம்பின் மேல் ஓடும். ஜப்பானியத் தோல் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன வித்தியாசம் அது. தேயிலை மலையில் வடிகால் கானில் தண்ணீர் ஓடினால் சரி, வரம்பின் மேல் ஓடினால் மண் சரியப்போகிறது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை டிஸ்பென்சரியில் நிற்கும் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும்.

பயொப்சி ரிப்போர்ட்டில் ஆழம் 4.2 மில்லிமீட்டர் என்று இருந்தது. மெலனோமா தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்து நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லலாம் என்று அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியலாளர் 1970 இல் எழுதினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே அளவுதான். ஒரு மில்லிமீட்டருக்குள் வெட்டி எடுத்தால் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். நான்கைத் தாண்டினால் கதை வேறு. காலில் வரும் மெலனோமா பல மாதம், சில வேளை வருடக்கணக்கில் தோலின் மேல்படையில் தட்டையாகப் பரவிவிட்டுத்தான் கீழே இறங்கத் தொடங்கும். அம்மா பீலிக்கரையில் காட்டிய அன்று அது தட்டையாகத்தான் இருந்தது.

நம் லயங்களில் மகரகம என்றால் ஊரின் பெயர் இல்லை, நோயின் பெயர். அங்கே இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களை நன்றாகவே பார்த்தார்கள். குதிகாலில் அகலமாக வெட்டி, தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு மாதா மாதம் டவுன் கிளினிக். 2022 இல் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்களில் மூன்று செவ்வாய்களைத் தவறவிட்டோம். நான்காவது மாதம் போனபோதுதான் அந்த ஆவணி மாதத்து மேசை, அந்த வரி.

கார்த்திகையில் அம்மாவின் அதே காலில், கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி. கடலைப் பருப்பளவு. நிறம் இளஞ்சிவப்பு. மழைக்காலம், அட்டை கடித்த தடம் என்றார் அம்மா. டிஸ்பென்சரி ஐயாவும் அதையே சொன்னார். அவர் பழைய துண்டையெல்லாம் வாசித்தவர். கவலையோடுதான் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "கறுப்பா இல்லையேம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். கறுப்பு வந்தால் ஓடி வாருங்கள் என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். கறுப்புக்காகக் காத்திருந்தோம். மூன்று மாதம் கழித்து இடுப்பு மடிப்பில் நிணநீர்க் கணு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிய பிறகு வெட்டிப் பார்த்தார்கள். கட்டியிலும் கணுவிலும் அதே மெலனோமா. நிறம் மட்டும் இல்லை.

காயம் ஆறியதை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு நீங்கள் எழுதிய வரி ஏன் பிழை என்பதை இந்த இடத்திலிருந்துதான் சொல்ல முடியும். கொஞ்சம் உயிரியல் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறக் கலங்கள் தோலில் பிறப்பவை அல்ல. முளையத்தில், அதாவது கருவில், முதுகுப் பக்கம் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பில் பிறந்து, அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து தோலுக்கு வந்து குடியேறுபவை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் வம்சம் நாங்கள். வந்த வழியை இறங்கிய இடத்திலேயே எல்லாரும் மறந்துவிடுவதில்லை. இந்தக் கலங்களும் அப்படித்தான். புற்றாக மாறியபின் உடம்பு முழுக்கப் பரவுவதற்கு இவை புதிதாக ஒரு வித்தை கற்க வேண்டியதில்லை. முளைய காலத்து நடையைத் திரும்ப எடுத்தால் போதும்.

எடுக்க வைப்பது எது? எம்.ஐ.டி.எஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது. நிறக் கலத்துக்கு அது கங்காணி. விடிய பிரட்டுக் களத்தில் நின்று இன்றைக்கு யார் யார் எந்த மலை என்று கூப்பிடுவது மாதிரி, எந்தப் பரம்பரையலகு (ஜீன்) வேலைக்கு இறங்க வேண்டும் என்று கூப்பிடுவது அது. அதன் குரல் பலமாக இருக்கும்போது கலம் நிறத்தைச் செய்யும், பிரிந்து பெருகும். குரல் தணிந்தால் அதே கலம் பெருகுவதைக் குறைத்துக்கொள்கிறது, நிறம் செய்வதை விடுகிறது, பக்கத்துக் கலத்தோடு உள்ள பிடியைத் தளர்த்திக்கொண்டு ஊர்ந்து கிளம்புகிறது. ஒட்சிசன் குறைந்தால், சாப்பாடு குறைந்தால், சுற்றிவர அழற்சி இருந்தால், மருந்து பட்டால் குரல் தணியலாம். இதற்குப் புதிய விகாரம், அதாவது பரம்பரையலகில் எழுத்து மாற்றம், எதுவும் தேவையில்லை. பரம்பரையலகில் ஓர் எழுத்துக்கூட மாறாமல் கலம் ஆள் மாறிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடம் வசதியாக இருந்தால் குரல் மீண்டும் உயர்கிறது. ஊர்ந்த கலம் உட்கார்ந்து பெருகத் தொடங்குகிறது.

என் மாணவர்களுக்கு இதை விளக்க நான் அவர்களை வகுப்பை விட்டு வெளியே கூட்டிப் போனேன். எங்கள் பாடசாலைக்குக் கீழே, ஆள் இல்லாமல் கைவிட்ட வி.பி. மலை, அதாவது விதை போடாமல் கிளை வெட்டி நட்ட தேயிலை மலை ஒன்று இருக்கிறது. அங்கே தேயிலை மரமாகிவிட்டது. 20 அடிக்கு மேல் உயரம், தண்டெல்லாம் பாசி, பூவும் காயுமாக நிற்கிறது. பாதைக்கு இந்தப் பக்கம், அதே தாய்ச்செடியின் கிளை வெட்டி நட்ட அதே வி.பி. தேயிலை இடுப்பளவுக்கு மேசை மாதிரி. இரண்டிலும் பரம்பரையலகு ஒன்றேதான். வெட்டிக்கொண்டிருந்தால் செடி, விட்டால் மரம், மரத்தை வெட்டினால் திரும்பவும் செடி. செடியை மட்டுமே தேயிலை என்று தெரிந்தவனை அந்தக் காட்டுக்குள் விட்டால், தேயிலை எங்கே என்று கேட்பான். கறுப்பை மட்டுமே மெலனோமா என்று தெரிந்த நாங்கள் அம்மாவின் காலைப் பார்த்த மாதிரி.

இது என் கற்பனை இல்லை. 2008 இல் சூரிச்சில் கீத் ஹோக் என்பவரின் குழு, பெருகும் நிலையில் உள்ள மெலனோமாக் கலங்களையும் ஊரும் நிலையில் உள்ளவற்றையும் தனித்தனியாகப் பிரித்து எலிகளில் வைத்தது. பெருகும் வகை சீக்கிரம் கட்டியானது. ஊரும் வகை நீண்ட நாள் பேசாமல் இருந்தது. பிறகு அதுவும் கட்டியானது. வெட்டிப் பார்த்தால் இரண்டு கட்டிகளிலும் இரண்டு நிலைக் கலங்களும் இருந்தன. எதை வைத்தாலும் மற்றது முளைத்தது. அந்த "நீண்ட நாள் பேசாமல்" என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிவித்தல் அந்த இடைவெளியைத்தான் குணம் என்று எண்ணி எழுதப்பட்டிருக்கிறது.

சிகிச்சைக்கும் இதே கதைதான். மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் என்ற பரம்பரையலகில் விகாரம் இருப்பதாக 2002 இல் கண்டார்கள். அந்த விகாரத்தின் வாயை அடைக்கும் குளிசை 2011 இலிருந்து பாவனையில் இருக்கிறது. 2014 இலிருந்து இரண்டு குளிசைகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காலில் வரும் மெலனோமாவில் இந்த விகாரம் குறைவு. அம்மாவுக்கு இருந்தது, அதிர்ஷ்டம் என்றார்கள். தோடு, வளையல், என் சம்பளக் கடன் எல்லாம் போட்டு 2023 சித்திரையில் தொடங்கினோம். மூன்று கிழமையில் எலுமிச்சங்காய் நெல்லிக்காய் ஆனது. அம்மா திரும்பவும் கூடையைத் தேடினார். அந்த நாட்களில் நடந்ததை மருந்தின் பெருமையாக நான் என்றும் சொல்வேன்.

ஆனால் எல்லாக் கலமும் சாவதில்லை. கொஞ்சம் கலங்கள் மருந்து பட்டவுடன் நிலை மாறி, பெருகாமல், நிறத்தைக் களைந்துவிட்டுச் சுருண்டு கிடக்கின்றன. பெருகும் கலத்தைக் கொல்லத்தான் மருந்துக்குத் தெரியும். பெருகாமல் கிடப்பதை அது கண்டுகொள்ளாது. இந்தக் கிடப்பு முதலில் தற்காலிகமானது. நாள் போகப் போக அவற்றுக்குள் நிரந்தரமாக மருந்தை எதிர்க்கும் விகாரங்கள் சேர்ந்துகொள்கின்றன. உடம்பின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் நிர்ப்பீடன மருந்துகள் இன்னொரு பெரிய கதவு. ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018 இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பு அதற்குள் இருக்கிறது. அங்கும் இதே தந்திரம் உண்டு: நம் நிர்ப்பீடனக் கலங்களில் பல, நிறம் செய்யும் புரதங்களை அடையாளமாக வைத்தே மெலனோமாவைப் பிடிக்கின்றன. அழற்சி வந்ததும் மெலனோமாக் கலம் அந்த அடையாளத்தையே கழற்றிவிட்டு ஒளிந்துகொள்வதை 2012 இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி வளர்ந்த நாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நம்பிக்கைக்கு இடமில்லை என்று நான் எழுதவில்லை. இரண்டு குளிசை சேர்த்து எடுத்தவர்களில் 34 சதவீதத்தினர் ஐந்து வருடம் கழிந்தும் உயிரோடு இருந்ததாக 2019 இல் கணக்குச் சொன்னார்கள். முன்பெல்லாம் பரவிய மெலனோமா என்றால் பெரும்பாலும் மாதக் கணக்குத்தான். அந்த மூன்றில் ஒருவராக இருப்பதற்குக் குளிசை தொடர்ந்து கிடைக்க வேண்டும். விட்டு விட்டுக் கொடுத்ததைவிடத் தொடர்ந்து கொடுத்ததே நோயை அதிக காலம் அடக்கியது என்று 2020 இல் வெளியான சோதனை காட்டியது. அம்மாவுக்கு ஆடியில் 16 நாள், ஐப்பசியில் 11 நாள் குளிசை கிடைக்கவில்லை. அந்த 27 நாள்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மார்கழியில் கட்டி திரும்பியது. இந்தத் தடவை ஈரலில்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. மெலனோமா இந்த நாட்டில் அரிது. டொக்டர்மார் நாட்டை விட்டுப் போகிறார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் வரும் கிளினிக்குக்கு ஒரு நிபுணரை அனுப்ப முடியவில்லை என்பீர்கள். அரிது என்ற சொல் கணக்குப் புத்தகத்தில் சரி. கண்டுபிடித்தவர்களைத்தான் அந்தப் புத்தகம் எண்ணுகிறது. கால் ஆணி என்று சீவி அனுப்பிய குதிகால்கள் அதில் ஏறுவதில்லை. கண்டிக்குப் போகலாம் என்று எழுதுவது சுலபம். எங்கள் தோட்டத்திலிருந்து விடிய நான்கு மணிக்கு இருட்டில் மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி, துண்டு எடுத்து, திரும்பி லயத்துக்கு வர இரவாகும். அன்றைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவில், பேர் விழாது, சம்பளமும் இல்லை. கூடப் போகிறவருக்கும் பேர் விழாது. வலிக்காத, கறுப்பில்லாத, கடலைப் பருப்பளவு கட்டிக்காக இரண்டு பேர் ஒரு நாள் சம்பளத்தை விடுவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? அவர்கள் தாங்களாகவே வந்து காட்டட்டும் என்கிற அந்த ஏற்பாடு எங்கள் ஊரில் நடக்காது.

மேல் லயத்தில் நான் மாமா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். 61 வயது, கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். அம்மாவின் கதை தெரிந்ததால் போன ஐப்பசியில் கால் பெருவிரல் நகத்தில் கோடு கண்டதும் என்னிடம் வந்தார். மெலனோமாதான், ஆழம் 1.8 மில்லிமீட்டர். விரலை எடுத்துவிட்டார்கள். காயம் அழகாக ஆறிவிட்டது. உங்கள் அறிவித்தலை அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். கலம் நிலை மாறுவது, பேசாமல் கிடப்பது எல்லாம் என்னால் முடிந்தமட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கவ்வாத்து வெட்டுன மலையில ஒரு பச்ச இலை இருக்காது. வெறுங் கட்டையா நிக்கும். செத்துப்போச்சுனு எந்தத் துரையாவது செக்ரோலை மூடுவானா?" என்றார்.

ஆகவே கேட்கிறேன்.

தோல் கிளினிக்கைத் திரும்ப நடத்துங்கள். மாதா மாதம் முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது, அதே டவுனில், முன்கூட்டியே திகதி சொல்லி. நிபுணர் வர முடியாத மாதத்தில் பயிற்சி பெற்ற ஒரு தாதி அந்தப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து, சந்தேகமானதைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பட்டும். இன்று கொழுந்து மலையில்கூடக் கையில் போன் இருக்கிறது.

மெலனோமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் பெயர்ப் பதிவு ஒன்று வையுங்கள். முதல் மூன்று வருடமாவது சில மாதங்களுக்கு ஒரு தடவை அவர்களை நீங்கள் கூப்பிட வேண்டும். வராதவரைத் தேடித் தோட்டத்து மருத்துவிச்சி லயத்துக்குப் போக வேண்டும். தடுப்பூசி தவறிய குழந்தையை அவர் தேடிப் போகிறார்தானே. வெட்டிய இடத்தை மட்டுமில்லாமல் கால் முழுக்க, இடுப்பு மடிப்பு வரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். "காயம் ஆறியவர்களைக் கூப்பிடத் தேவையில்லை" என்ற அர்த்தம் வரும் வரியை எழுத்து மூலம் நீக்குங்கள்.

சுவரில் இருக்கும் அந்த வெள்ளைக்காரர் முதுகைக் கழற்றிவிட்டு, எங்கள் நிறத்து உள்ளங்காலின் படத்தோடு ஒரு தாள் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். கறுப்புப் புள்ளியோடு, சிகிச்சைக்குப் பிறகு வரும் சிவந்த, நிறமற்ற கட்டியின் படமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளங்காலிலோ நகத்திலோ இரண்டு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருப்பது எதுவானாலும் மூன்றாவது களிம்பு கொடுக்காமல் நேரே அனுப்பும் அதிகாரத்தை டிஸ்பென்சரிக்குக் கொடுங்கள். பிளேடை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

தோட்ட நிருவாகங்களோடு பேசுவது உங்கள் வேலை: கிளினிக் துண்டு காட்டுகிறவருக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் வேண்டாம். விகாரப் பரிசோதனை தேவைப்படுகிறவர்கள் தோட்டை அடகு வைக்காமல் அதைச் செய்துகொள்ளவும், குளிசை தொடங்கியவர்களுக்கு அது நடுவில் அறாமல் கிடைக்கவும் ஒரு வழி சொல்லுங்கள். இந்த மடலுக்குப் பதிலைத் தமிழில், எழுத்தில் தாருங்கள்; வாய்மொழிப் பதிலை நான் ஒரு தடவை நம்பிவிட்டேன்.

மாமாவின் கிளினிக் அட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. அடுத்த திகதி என்ற கட்டத்தில், நீங்கள் நிறுத்துவதற்கு முன்பே யாரோ நீல மையில் எழுதியது, வருகிற மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்று காலை எட்டு மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவேன். அவர் காலைப் பார்க்க அங்கே ஒருவரை வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கொழுந்து எடுத்த ஒருவரின் மகள், உயிரியல் ஆசிரியை